நெளியனின் சொந்த ருசி

மரத்தடியில் விழுந்து அழுகிக்கொண்டிருந்த பலாப்பழத்துக்குள் நெளியன் என்ற புழுவும் அதன் தங்கை வெள்ளைச்சியும் இருந்தன. இரண்டும் ஒரே சுளையில் பிறந்து, அதையே தின்று வளர்ந்தவை.

பழத்தின் மேல்பக்கம் பிளந்து கிடந்தது. அங்கே புளித்த நாற்றம் வீசும், வெயில் சுள்ளென்று விழும். ஏறிப்போன புழுக்கள் காய்ந்து கருவாடாகிக் கிடந்தன. அந்த நாற்றம் வந்தாலே நெளியன் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

ஒருநாள் மேலேயிருந்து ஒழுகிய சாற்றை அது ஒரு வாய் குடித்துவிட்டது. சாற்றோடு உள்ளே போன கிருமி ஒன்று வயிற்றில் சட்டிபானையோடு குடியேறியது. கிருமியின் சொந்தபந்தமெல்லாம் மேலேதான். வெயில் அதை ஒன்றும் செய்யாது. அது நெளியனின் நரம்பைப் பிடித்து மெல்லச் சுண்டத் தொடங்கியது.

மறுநாள் நெளியன் மேலே ஊரக் கிளம்பியது.

"அந்த நாத்தம் குமட்டுதுன்னு சொல்வியே அண்ணே?" என்று கேட்டது வெள்ளைச்சி.

"அது விவரம் தெரியாத வயசு. இப்பத்தான் அதோட ருசி எனக்குப் பிடிபடுது."

"அந்தச் சாறு குடிச்சதுலேர்ந்துதான் இப்படிப் பேசுற. உள்ளே எவனோ உட்கார்ந்து உன்னை ஆட்டி வைக்கிறான். போகாதே."

நெளியனுக்குச் சுருக்கென்றது. "நான் என்ன திங்கணும்னு எவனும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை."

"சரியாச் சொன்னே" என்றது வயிற்றுக்குள்ளிருந்த கிருமி. "இப்ப மேலே ஏறு."

நெளியன் தலையை நிமிர்த்திக்கொண்டு ஏறியது.