பெயரைக் கொடுத்தவர்

ஜிங்வென் மண்டபத்துக்குள் வந்ததும் மெலிசா குழந்தையைத் தூக்கிக்கொண்டு விரைந்து வந்தாள்.

பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் விருந்து. ரொறொன்ரோவில் அஜின்கோர்ட் பக்கம் ஒரு சீன உணவகத்தின் மாடியில் ஆறு வட்ட மேசைகள். சனிக்கிழமை மாலை, அறுபது பேர், எல்லாரும் சீனர்கள்.

"பெரியம்மா வந்திட்டா, பார்" என்று பிள்ளையை நீட்டினாள் மெலிசா.

ஜிங்வென் கை நீட்டவில்லை.

"என்ரை பெயரை அவங்களுக்குக் கொடுத்தது நீதானே?"

மெதுவாகக் கேட்பது என்றுதான் காரில் நினைத்து வந்தாள். குரல் அடங்கவில்லை.

நவம்பரில் சீனாவில், கோவிட் என்று ஆட்களை உள்ளே வைத்துப் பூட்டிய கட்டிடம் ஒன்று எரிந்து ஆட்கள் செத்தார்கள். இங்கே ரொறொன்ரோவில், சீனத் துணைத் தூதரகத்துக்கு முன்னால், கொஞ்சப் பேர் வெறும் வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாளில் ஒரு எழுத்தும் இல்லை. எழுதினால்தானே குற்றம்.

அவர்களில் ஜிங்வென்னும் ஒருத்தி. தொப்பி, கறுப்பு மாஸ்க். முகத்தில் கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

போவதை அவள் சிநேகிதி மெலிசா ஒருத்திக்குத்தான் சொல்லியிருந்தாள். மெலிசா அவளோடு போகவில்லை. தன் தாய் தகப்பன் சீனாவில் இருக்கிறார்கள் என்றாள். வயிற்றில் பிள்ளையோடு சப்வே வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டாள்.

மூன்று கிழமை கழித்து ஊரில் அப்பாவைப் பொலிஸ் கூப்பிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். போய் வந்தவர் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரம் அம்மாவையும் கூப்பிட்டார்கள். அப்போது மேசையில் ஜிங்வென்னின் படம் கிடந்ததாம். கீழே அவள் பெயர் முழுதாக எழுதியிருந்ததாம்.

தம்பிக்கு மாவட்ட அலுவலகத்தில் வேலை. வரவிருந்த பதவி உயர்வு வரவில்லை. இரண்டு மணிநேரத் தூரத்தில் ஒரு களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவன் ஒரு வரி அனுப்பினான்: எனக்கு இனி அக்கா இல்லை. சீனப் புதுவருஷச் சாப்பாட்டுக்கு அவனும் பெண்சாதியும் வரவில்லை. நாலு பேருக்குச் சமைத்ததை இரண்டு பேர் மூன்று நாள் சூடாக்கிச் சாப்பிட்டார்கள் என்று அம்மா போனில் அழுதாள்.

யார் சொன்னது? இரண்டு மாதமாக வேலையிலும், பஸ்ஸிலும், குளிக்கும்போதும் இதே கேள்விதான். எப்படிச் சுற்றி வந்தாலும் மெலிசாவின் முகத்தில்தான் போய் முட்டியது.

மண்டபத்தில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

'அவங்கள்' என்றால் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அறுபது பேருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளையை வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் போனைப் பொக்கெற்றுக்குள் வைத்தார். பிறகு வெளியே எடுத்து, பெருவிரலால் தட்டி அழித்தார். மூன்று வருஷம் அவளோடு ஒரே காரில் மிசிசாகாவுக்கு வேலைக்குப் போன பெண் கதிரையை மெல்லத் திருப்பி முதுகைக் காட்டினாள். மெலிசாவின் மாமனார் எல்லா மேசைகளுக்கும் கேட்கிற மாதிரி, "சாப்பிடுங்கோ, சாப்பாடு ஆறுது" என்றார்.

"நான் இல்லை" என்றாள் மெலிசா.

"உன்ரை அம்மா அப்பாவை ஒருத்தரும் கூப்பிடேல்லையே. என்ரை தம்பி மூட்டை எண்ணுறான்." ஜிங்வென் பிள்ளையைப் பார்த்தாள். "இவனையும் உன்னை மாதிரியே வளர். நல்லாய் இருப்பான்."

மெலிசா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிள்ளை வீரிட்டு அழுதது.

ஜிங்வென் கீழே வந்து காருக்குள் ஏறினாள். நெஞ்சுக்குள் ஒரு திருப்தி. ஒருவருக்காவது சொல்லவேண்டும் போல இருந்தது. இதையெல்லாம் போனில் கதைக்கக் கூடாது என்று தெரியும். கேட்கிறவன் கேட்கட்டும் என்று அப்பாவுக்கு எடுத்தாள். அங்கே விடிந்திருந்தது. அவர் வாய்க்கால் ஓரம் நடந்துகொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டன் அப்பா. மெலிசாதான். எல்லாருக்கும் முன்னாலை வைச்சுக் கேட்டிட்டன்."

அவர் நடையை நிறுத்தியது கேட்டது.

"அது மெலிசா இல்லை" என்றார்.

பிறகு சொன்னார். கனடாவில் பிள்ளைகள் இருக்கிற ஊராட்கள் எல்லாரையும் வரிசையாகத்தான் கூப்பிட்டிருந்தார்கள். மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்தார்கள். மேசை நிறையப் படம் பரப்பியிருந்தது. எல்லாம் மாஸ்க் போட்ட முகங்கள். அவர் முதல்தரம் போன அன்றைக்கு ஒரு படத்திலும் பெயர் இல்லை. சும்மா பாருங்கோ மாஸ்ரர், தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ எண்டு, என்றார்களாம்.

"ஏழு வருஷம் உன்னை நேரிலை காணேல்லை. உன்ரை கண்ணைக் கண்டவுடனை படத்தைக் கையிலை எடுத்திட்டன். இது என்ரை மகள் எண்டு நான்தான் சொன்னனான். சிரிச்சுக்கொண்டு சொன்னனான்."

ஜிங்வென் ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்தினாள். ஹோர்ன் அலறியது. மாடி யன்னலில் ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. மெலிசாவும் பிள்ளையும் மட்டும் அங்கேயே நின்றார்கள்.

போனில் அப்பா இன்னும் இருந்தார்.

"அந்தக் குளிருக்குள்ளை ஏன் பிள்ளை கையுறை போடாமல் நிண்டனி?"