மூன்றாவது அழைப்பு

"சம்பூர்ணம், ஆலத்தியூர். சிப்பிப்பாறை, பெட்டை. முதல் அழைப்பு."

வேப்பமரத்தில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கி சொல்லி முடித்தது. ராசாங்கம் நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் காலடியில் படுத்திருந்த நாய் மின்னிதான் எழுந்து, வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நின்றது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறிவரசன் அவர் முழங்கையைத் தொட்டான். ஜெயங்கொண்டத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். நான்கு வருடமாகத் தன் லாப்ரடாரைத் திருச்சி, சேலம் என்று கண்காட்சிகளுக்குக் கூட்டிப்போய்ப் பழகியவன்.

"அண்ணே, நம்மளத்தான் கூப்புடறாங்க."

"ம்" என்றார் ராசாங்கம். பார்வை வேப்பமரத்துப் பக்கமே இருந்தது. அந்த மரத்தடியில்தான் மைதானத்தின் வாசல். சம்பூர்ணம் அண்ணி வரும் பஸ் தாமதம் போலிருக்கிறது என்று அறிவரசன் நினைத்துக்கொண்டான்.

சிமெண்ட் ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ராசாங்கம். பெரம்பலூரில் முதன்முதலாக நாய்க் கண்காட்சி வைக்கிறார்கள் என்ற நோட்டீஸில் அறிவரசனின் நம்பர் இருந்தது. அதைப் பார்த்துப் பேசியதுதான் பழக்கம். மூன்று மாதமாகத் தினமும் மாலை ஏழு மணிக்குப் போன் வரும். ஒரு நாளைக்கு ஒரு சந்தேகம், நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு கேட்பார். நாலு காலும் சமமாக ஊன்றி நிற்க வைப்பது எப்படி, நடுவர் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கும்போது தலையைத் திருப்பாமல் இருக்க என்ன செய்வது.

சந்தேகம் தீர்ந்த பிறகும் போனை வைக்க மாட்டார். மின்னி இன்றைக்கு எவ்வளவு சாப்பிட்டது என்பதுவரை சொல்லுவார். அவர் குரலைத் தவிர அந்தப் பக்கம் டிவி சத்தம்கூடக் கேட்காது.

சத்தத்துக்கு மிரளக் கூடாது என்று ஒருநாள் அறிவரசன் சொன்னான். மறுநாளிலிருந்து சுண்ணாம்புக்கல் லாரி போகும் ரோட்டோரத்தில் மின்னியை நிறுத்திப் பழக்கினாராம். அப்படிப்பட்ட மனுஷன் இன்று எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

"சம்பூர்ணம், ஆலத்தியூர். இரண்டாம் அழைப்பு."

வளையத்துக்குள் மற்ற ஐந்து நாய்களும் சுற்ற ஆரம்பித்துவிட்டன. அறிவரசன் எழுந்து நின்றுவிட்டான். மூன்றாவது அழைப்புக்கும் வராத நாய் நீக்கப்படும் என்பது விதி. ராசாங்கத்துக்கு அது தெரியாமல் இல்லை. அவர் கொண்டு வந்திருந்த விண்ணப்பப் படிவத்தில் அந்த வரிக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்ததைக் காலையில்தான் பார்த்தான். எவ்வளவு கவனமான ஆள் என்று அப்போது மெச்சிக்கொண்டான்.

பெயர் பதியும் மேசையிலும் காலையில் ஒரு பேச்சு நடந்தது. நாயின் சான்றிதழில் உரிமையாளர் சம்பூர்ணம் என்று இருந்ததைப் பார்த்து, பதிந்துகொண்டிருந்த மேகலா, அவங்க வருவாங்களா, இல்லை கூட்டிவந்த உங்க பேரையே போட்டுவிடட்டுமா என்று கேட்டாள்.

"வாங்குனது அவதான். நீங்க அவ பேரையே கூப்புடுங்கம்மா" என்றார் ராசாங்கம்.

இப்போது அதே மேகலா மைக்கைக் கையில் பிடித்தபடி இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். இன்னொரு கையில் பெயரை அடிப்பதற்குப் பேனா தயாராக இருந்தது.

நீங்க உட்காருங்க, நான் ஓட்டிக் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி அறிவரசன் வாருக்குக் கை நீட்டினான். ராசாங்கம் வாரை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"இருங்க தம்பி. இன்னொரு தடவ இருக்கு."

"சம்பூர்ணம், ஆலத்தியூர். மூன்றாவது, கடைசி அழைப்பு. சம்பூர்ணம்."

ஒலிபெருக்கி முழுவதுமாக அடங்கிய பிறகே எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு மின்னியோடு வளையத்துக்குள் போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

மின்னி நின்றது. நடுவர் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார், முதுகெலும்பு நெடுக விரலை ஓட்டினார். மேலே ஒரு ஈ உட்கார்ந்தும் அது அசையவில்லை. ஆனால் மற்ற நாய்களுக்கு மூன்று சுற்று கிடைத்த இடத்தில் மின்னிக்கு அவசரமாக ஒரு சுற்றுதான் கிடைத்தது. நடை சீராவதற்குள் சுற்று முடிந்துவிட்டது.

மூன்றாம் பரிசு. நிற்கிற அழகுக்கு முதலிடமே கொடுத்திருக்கலாம், நடையைத்தான் சரியாகப் பார்க்க முடியாமல் போயிற்று என்று நடுவர் அறிவரசனிடம் தனியாகச் சொன்னார்.

அவனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. மூன்று மாத உழைப்பு. இனி அடுத்த வருடம்தான். ராசாங்கமோ ரிப்பனை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, கிண்ணத்தில் மின்னிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மொத தடவ கூப்புட்டது காதுல விழலியாண்ணே?"

"விழுந்துச்சு தம்பி."

"அப்புறம் என்னண்ணே? அண்ணி வந்துரட்டும்னு பாத்தீங்களா?"

ராசாங்கம் மரத்திலிருந்த ஒலிபெருக்கியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அதில் இப்போது வேறு யாருடைய பெயரோ வந்துகொண்டிருந்தது.

"உசுரோட இருந்தவரைக்கும் நான் அவளப் பேரு சொல்லிக் கூப்புட்டதேயில்ல தம்பி. மூணு தடவ கூப்புடுவாங்கன்னு போட்டிருந்துச்சு, அதுக்குத்தான் வந்தேன்."