சுல்தானாவுக்கு எத்தனை டெஸ்ட்?

"நாலு டெஸ்ட் எடுக்க இவ என்ன குவைத்துக்கா போகப் போறா, டொக்டர்?"

முத்தலிபு கேட்ட கேள்வியில் மிருக வைத்தியர் அனஸ்தாசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்தலிபுவின் மனைவி பளீலாவுக்கு வரவில்லை.

மேசைமேல் சுல்தானா சுருண்டு கிடந்தாள். யுத்தம் முடிந்த வருடம் வீட்டுக்கு வந்த பூனை. இப்போது பதினான்கு வயது. ஒரு வருடமாகவே உடம்பு சரியில்லை. தின்னத் தின்ன மெலிந்தாள். தண்ணீரைக் கண்டால் விடமாட்டாள். இன்றைக்குத்தான் பளீலா கணவரை ஒரு வழியாகக் கிளப்பி, முச்சக்கர வண்டியில் பாலாவியில் உள்ள இந்த மிருக வைத்தியசாலைக்குக் கூட்டி வந்திருந்தாள்.

"வயசு போன பூனை, நானா. கிட்னியா, சீனியா, தைராய்டா, பிரஷரா எண்டு பார்க்கோணும்."

"பூனைக்குப் பிரஷரா? எங்கட பூனையால எனக்குத்தான் பிரஷர்."

"சும்மா இரிங்க, ஸும்ராட வாப்பா," என்று மகளின் பெயரைச் சொல்லிக் கணவரை அதட்டினாள் பளீலா. "நீங்க எல்லாத்தையும் எடுங்க டொக்டர்."

"எல்லாம் வேண்டாம் ராத்தா. டெஸ்ட் முடிவால மருந்தில ஏதும் மாறோணும். மாறாதெண்டா அது இவவுக்கு வீண் கரைச்சல். தைராய்டையும் பிரஷரையும் பிறகு பார்ப்பம். இப்போதைக்கு இரத்தமும் சிறுநீரும் பார்த்தாக் காணும்."

இரத்தம் என்றதும் முத்தலிபு கதிரையை விட்டு எழும்பினார். கொரோனா ஊசிக்குப் பயந்து முந்தல் ஊரில் தன் அக்கா வீட்டில் பத்து நாள் ஒளிந்திருந்த மனிதர் அவர்.

"இந்த உடம்புல ஊசியா? எலும்புல போய்த்தான் முட்டும். பாவம் டொக்டர், வேணாம்!"

பூனை கொட்டாவி விட்டது. டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, முதல்ல சிறுநீர். அது சொல்றத வெச்சு இரத்தத்தைப் பத்தி யோசிப்பம். இந்தப் போத்தல்ல காலையில பிடிச்சிட்டு வாங்க."

"அது என்ட பொறுப்பு," என்றார் முத்தலிபு. உப்பளத்தில் நாற்பது வருடம் கங்காணியாக இருந்த குரல்.

அந்தப் பொறுப்பு இரண்டு நாள் இழுபட்டது. கையில் அகப்பையோடு அவர் பூனைக்குப் பின்னால் திரிந்தார். கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்தினார், கட்டிலுக்கு அடியில் படுத்தார். சுல்தானா குந்துவாள்; அகப்பை கிட்டே வந்ததும் எழும்பிப் போய்விடுவாள்.

"வெக்கப்படுறா," என்று பெருமூச்சு விட்டார்.

"பக்கத்து வீட்டாக்கள் சிரிக்கிறாங்க. டொக்டர்ட்ட ஏலாதெண்டு செல்லுவோம். இரத்தத்த எடுக்கட்டும்."

"ஊசிக் கதை எடுக்காத!"

மூன்றாம் நாள் காலை, குளியலறைக்குள் இருந்து வெற்றி வீரரைப் போல் வெளியே வந்தார். கையில் கழுத்து வரை நிறைந்த போத்தல்.

"அல்ஹம்துலில்லாஹ்! எப்பிடிப் பிடிச்சீங்க?" பளீலாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"எல்லாத்துக்கும் பொறுமை வேணும்."

பாலாவியில் போத்தலைப் பார்த்து டொக்டருக்கும் ஆச்சரியம்தான். "இவ்வளவுமா? பத்துச் சொட்டு காணுமே நானா."

ஒரு மெல்லிய பட்டியை எடுத்து உள்ளே தோய்த்தாள். பட்டி மெல்ல மெல்லக் கடும் கபில நிறமானது. டொக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. இன்னொரு பட்டியைத் தோய்த்தாள். அதுவும் அப்படியே.

"சீனி வருத்தம். இந்த அளவு சீனி நான் ஒரு பூனையிலயும் கண்டதில்ல."

"யா அல்லாஹ், என்ட புள்ள!" பளீலா பூனையை அணைத்துக்கொண்டு விம்மினாள். பிறகுதான் கணவரைப் பார்த்தாள். மனிதர் வெளிறிப் போயிருந்தார். வாயால் கரித்துக் கொட்டினாலும் இந்த வாயில்லாச் சீவன் மேல் இவ்வளவு பாசமா என்று அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"டொக்டர்," முத்தலிபு மெதுவாகக் கதிரையில் அமர்ந்தார். "இதுக்குக் கால் விரல் எரியுமா?"

"எரியலாம். பூனை வாய் திறந்து சொல்லுமா, நானா?"

"கண்ணும் மங்குமா?"

"கவனிக்காம விட்டா எல்லாம் வரும்."

"வட்டிலப்பம்... கொஞ்சமாச் சரி திங்க ஏலாதா?"

"கருப்பட்டி போட்ட வட்டிலப்பத்தப் பூனைக்கா குடுக்கிறீங்க?"

"குடுத்திருப்பார் டொக்டர், குடுத்திருப்பார்," என்றாள் பளீலா கண்ணைத் துடைத்தபடி. "இனிச் செய்ய வேண்டியதச் செல்லுங்க."

"இனி இனிப்பு வாசனையும் படக்கூடாது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. நீங்களே வீட்ல போடப் பழகலாம் ராத்தா."

"போடுறன் டொக்டர். அல்லாஹ் தந்த காலம் வரைக்கும் என்ட கையாலயே போடுறன்."

முத்தலிபு கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"எதுக்கும் இரத்தத்தில ஒருக்கா உறுதிப்படுத்தோணும். இனி இந்த டெஸ்ட்ட விட ஏலாது. கொஞ்சம் பிடிச்சுக்கொள்ளுங்க." டொக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு சுல்தானாவின் காதருகே குனிந்தாள்.

"பூனைய விடுங்க டொக்டர்!"

முத்தலிபு நடுவில் வந்து நின்றார். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை மேசைமேல் நீட்டினார்.

"குத்துறதெண்டா இதுல குத்துங்க. அவ கடைசி வரைக்கும் ஒரு சொட்டும் தரல்ல... போத்தல்ல இரிக்கிறது என்ட சிறுநீர்."