கழுத்துத் தழும்பு

"செவ்வாய்க்கிழமை என் பையிலேர்ந்து அயர்ன் மட்டை எல்லாத்தையும் வெளியே எடுத்துட்டுப் போனியா, இல்லையா?"

"போனேன் சார்."

பழனிச்சாமி மறுக்காததுதான் சேஷகிரிக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. இருபது வருஷமாக அவருடைய கோல்ஃப் பையைச் சுமக்கிற கேடி. மெம்பர்களின் மட்டை ஒன்றுகூட கேட்டைத் தாண்டக் கூடாது என்பது கிளப்பின் சட்டம் என்று அவனுக்குத் தெரியாதா? சாக்கில் சுருட்டி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறான்.

"எங்கே போனே?"

பழனிச்சாமி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் சொல்ல மாட்டான் சேஷு, நான் சொல்றேன்" என்றார் கூட ஆடுகிற ரகுராம். "புதுசா கத்துக்கற ஐ.டி. பசங்களுக்கு மணிக்கணக்குல வாடகைக்கு விடறது. இவனுங்களுக்கு அது ஒரு சைடு பிசினஸ். உன் ஏழாம் நம்பர் மட்டையோட கழுத்தைப் பாரு, எவனோ கல்லுல போட்டு அடிச்சிருக்கான்."

பார்த்தார். தலையும் தண்டும் சேருகிற இடத்தில் பளிச்சென்று ஒரு நசுங்கல்.

தன் கழுத்திலேயே அடி விழுந்த மாதிரி இருந்தது சேஷகிரிக்கு. ஃபோர்ஜ்டு அயர்ன். அச்சில் ஊற்றி வார்த்ததல்ல. பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்கியது. நண்பர்களெல்லாம் வயசுக்குத் தகுந்த மாதிரி வார்ப்பு மட்டைக்கு மாறியபோதும் அவர் மாறவில்லை.

"உங்க ஸ்டிக்கெல்லாம் தப்பா அடிச்சாலும் மன்னிச்சு விட்டுடும். என்னோடது விடாது. பந்து ஒரு நூல் தள்ளிப் பட்டாலும் முழங்கை வரைக்கும் விறுவிறுங்கும். பொய் சொல்லத் தெரியாத இரும்புடா இது!" என்று கிளப் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

இடது கை நடுங்க ஆரம்பித்து இரண்டு வருஷம். டாக்டர் அதற்கு ஒரு பேர் சொன்னார். இனி இறங்குமுகம்தான் என்றும் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதற்கு மறுநாள் ஐந்தாவது ஹோலில், குளத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பழனிச்சாமியிடம் மட்டும் சேஷகிரி வாய்விட்டுச் சொன்னார்.

"ஏழாம் நம்பர்ல அடிச்சா பந்து இந்தக் குளத்தைத் தாண்டுதா, அது வரைக்கும் நான் மனுஷன். தாண்டாத அன்னிக்கு எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் நான் இருக்க மாட்டேன்."

பழனிச்சாமி பந்தைத் துடைத்துக் கொடுத்தான்.

போன மாதம் இரண்டு தடவை பந்து தண்ணீரில் விழுந்தது. "எதிர்க்காத்து சார்" என்றான் பழனிச்சாமி. ஒரு இலைகூட அசையவில்லை.

இன்றைக்குக் காலையில் பந்து குளத்தைத் தாண்டிக் கொடியருகே போய் விழுந்தது. "அறுபத்தெட்டு வயசுல ஏழாம் நம்பரா? கொண்டா அதை!" என்று வயிற்றெரிச்சலோடு மட்டையை வாங்கிப் பார்த்தபோதுதான் ரகுராம் கண்ணில் அந்தத் தழும்பு பட்டது.

"கடைசியாக் கேக்கறேன். எங்கே எடுத்துட்டுப் போனே?"

"மன்னிச்சுடுங்க சார்."

"மன்னிக்கறதா? சோறு போடற பையிலயே கை வெச்சுட்டு?"

காரில் உட்கார்ந்தபடியே செக்ரட்டரி ஸ்ரீஹர்ஷாவுக்குப் புகாரைத் தட்டிவிட்டார். அப்படியே வண்டியை ஜோகுபாளையத்துக்கு விடச் சொன்னார். கோல்ஃப் மட்டைகளைப் பழுது பார்க்கிற ப்ரஹ்லாத்தின் பட்டறை அங்கேதான்.

ப்ரஹ்லாத் ஏழாம் நம்பரைக் கையில் வாங்கியதுமே கேட்டார்: "என்ன சார், வளைச்சது சரியா வரலையா?"

"என்ன வளைச்சது?"

"செவ்வாய்க்கிழமை உங்க கேடி கொண்டுவந்தாரே! இது என் கிளாம்ப் பிடிச்ச தழும்பு சார். ரெண்டாவது தடவை இல்லையா, ஸ்வல்ப நசுங்கிடுச்சு."

கோணம் பார்க்கிற கருவியில் மட்டையைப் பொருத்தினார். "போன வருஷம் ரெண்டு டிகிரி, இப்ப ரெண்டு. மட்டையோட முகத்தை நல்லா நிமிர்த்திட்டேன், பந்து இன்னும் தூரம் போகும். மேல ஏழுன்னு போட்டிருக்கே தவிர இது இப்ப ஆறாம் நம்பர் சார். மொத்த செட்டையும் அப்படித்தான் பண்ணச் சொன்னார். வார்ப்பு இரும்பா இருந்தா ஒடைஞ்சே போயிருக்கும்."

"எதுக்காம்?" என்றார் சேஷகிரி.

"சாருக்குக் குளம் தாண்டணும், இல்லாட்டி ஆளு ஒடைஞ்சிடுவார்னு சொன்னார். நீங்கதானே சார் அனுப்பினீங்க?"

சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. ஸ்ரீஹர்ஷா.

"சார், பழனிச்சாமி நீங்க போனதுலேர்ந்து கேட்டுக்கு வெளியே உக்காந்திருக்கான். என்ன கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேங்கறான். திருட்டுன்னு பேரை அடிச்சா இந்த ஊர்ல வேற எந்த கிளப்பும் உள்ளே விடாது. ஐம்பத்திரண்டு வயசு, வேற வேலையும் தெரியாது. அன்னிக்கு எங்கே போனான்னு தெரிஞ்சாப் போதும், நான் பாத்துக்கறேன். உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா சார்?"

சேஷகிரி ஏழாம் நம்பரைப் பார்த்தார். 'ஆறை வெச்சுக்கிட்டா ஏழுன்னு அளந்தே?' என்று ரகுராம் விழுந்து விழுந்து சிரிப்பது காதில் கேட்டது. கிளப்பே சிரித்தது.

"பழையபடி ஆக்கிடவா சார்?" என்றார் ப்ரஹ்லாத்.

"வேணாம்" என்றார், ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு. "அப்படியே இருக்கட்டும்."

பிறகு கையை எடுத்தார்.

"ஒண்ணும் தெரியலை ஹர்ஷா. பேரை அடிச்சுடுங்க."