பிடில் தட்டு

"மனசு சரியில்லைன்னா வாயைத் தெறந்து சொல்லுவியா, மாட்டியா?"

"சொல்ல வராது. பிளேட்டப் போட்டுருவேன். நீங்கதான் கேட்டுப் புரிஞ்சுக்கிடணும்."

"நல்லாருக்குட்டி கதை! அப்போ எனக்குப் பொண்டாட்டி நீயா, அந்தப் பெட்டியா?"

கல்யாணமான புதிதில் புருஷன் தேவஇரக்கம் இப்படிக் கேட்டுச் சிரித்ததை ஜெயபாய் இன்னும் மறக்கவில்லை.

கொழும்பிலிருந்து அவள் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த கிராமபோன் பாட்டுப்பெட்டி அது. கூடவே இரண்டு தட்டுகள். ஒன்று பாண்டு வாத்தியம்; கேட்டால் கால் சும்மா இராது. மற்றது பிடில்; தாயைத் தேடும் கன்றுபோல் இழுத்து இழுத்து அழும்.

அந்த நாளில் பஞ்சாலை விட்டு வரும்போதே தேவஇரக்கம் தெருமுனையில் நின்று கேட்பான்.

பாண்டு என்றால், "என்னட்டி, உங்க அண்ணன் கப்பலேறி வந்துட்டாரா?" என்று வாசலிலிருந்தே சத்தம் கொடுப்பான். பிடில் என்றால் ஓசைப்படாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தட்டு ஓயும்வரை அவள் கையைப் பிடித்துக்கொள்வான். பிறகு ஆலையில் நடந்த கூத்துகளைச் சொல்லி, அவள் சிரித்த பிறகுதான் இலை போடச் சொல்வான்.

இப்போது ஒரு வருஷமாக அதெல்லாம் போயிற்று.

எந்தத் தட்டை வைத்தாலும் ஒரே சொல்தான். "நல்லாருக்கு."

அப்புறம் சாப்பாடு. பாய். சுவர்ப்பக்கம் திரும்பிய முதுகு.

ஏதாவது கேட்டால் தலையாட்டுவான். "ரசமா, மோரா?" என்றால் அதற்கும் "ஆமா" என்பான்.

தன்னை அவனுக்குச் சலித்துவிட்டது என்று ஜெயபாய் முடிவு கட்டியிருந்தாள்.

ராஜபாளையத்தில் அவளுக்கு வேறு பேச்சுத்துணையும் கிடையாது. அந்தத் தெருப் பெண்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசிச் சிரிப்பார்கள். இவளைக் கண்டதும் தமிழுக்கு மாறி, "சாப்பிட்டாச்சா?" என்று அன்பாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டு மறுபடி தெலுங்குக்குப் போய்விடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் பிறந்த வீட்டிலோ, ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்காத இரைச்சல்.

தன்னைத் தேற்றிக்கொள்ளச் சில நாள் பாண்டுத் தட்டை வைத்துப் பார்த்தாள். ஆளில்லாத வீட்டில் அந்தக் கொட்டும் குழலும், யாரோ வீட்டுக் கல்யாணம் தெருவோடு போவதுபோல இருந்தது. நின்று கேட்கக்கூடப் பிடிக்கவில்லை.

அவனிடம் கேட்க அவளுக்கு ஒன்றே ஒன்று இருந்தது. நாக்கு நுனிவரை வரும். இதைப் போய் ஒரு பெண்பிள்ளை கட்டினவனிடம் கெஞ்சிக் கேட்பதா என்று மானம் பிடித்து இழுத்துவிடும்.

இன்றைக்கும் அந்த ஒரு சொல்லோடு அவன் திரும்பிப் படுத்தானானால், நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர். டிரங்குப் பெட்டியில் சேலைகளை மடித்து வைத்தாயிற்று.

ஆலைச் சங்கு ஊதியது.

இன்று எதற்கு வேஷம் என்று பிடில் தட்டையே எடுத்தாள். சாவி கொடுத்துச் சுழல விட்டாள். ஊசியை இறக்கப் பார்த்தால், அது மழுங்கிப்போயிருந்தது. யுத்த காலத்தில் புது ஊசிக்கு எங்கே போவது? தட்டை நிறுத்தாமலே ஊசியைக் கழற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய், அம்மிக்கல்லின் ஓரத்தில் தீட்டினாள்.

திரும்பி வந்தபோது தேவஇரக்கம் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தான். தலையெல்லாம் பஞ்சு. சுற்றுகிற தட்டைப் பார்த்தபடி முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லாருக்கு" என்றான், நிமிராமலே.

ஜெயபாய் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். ஊசி அங்கே இருந்தது.

"ஏங்க."

அவன் திரும்பவில்லை.

"ஏங்க!"

விரல் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

பகலெல்லாம் அத்தனை மிஷின்களுக்கு நடுவே நின்று நின்று, காது எப்போது போயிற்றோ! ஆலையில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்தானா? அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் பேச்சே வேண்டாமென்று சுவரைப் பார்த்துப் படுத்தானா?

எதிரே போய் உட்கார்ந்து, தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

ஊசியைப் பார்த்தான். அது பொருத்தியிருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தான். தாளம் போட்ட விரல் மெல்ல மடங்கியது. தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினாள். இத்தனை நாள் நாக்கு நுனியில் நின்றுபோன அந்த ஒன்று அப்போது வந்தது, அவளுடைய வழக்கமான சின்னக் குரலில்.

அவன் அவள் உதட்டையே உற்றுப் பார்த்தான். "சோறா? எடுத்து வையி" என்றான்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு.

பக்கத்து வாசலில் அய்யம்மாளும் இன்னும் யாரோ ஒருத்தியும் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். வெறும் நடைக்கப்பால்தான். இங்கே சத்தமாகப் பேசினால் ஒரு சொல் விடாமல் அவர்களுக்குக் கேட்கும். நாளைக்குத் தெருவெல்லாம் இதே பேச்சாக இருக்கும்.

ஜெயபாய் அவன் காதோரத்துப் பஞ்சை ஒதுக்கினாள். அங்கே வாயை வைத்து, தன் தொண்டையில் இருந்த சத்தமெல்லாம் திரட்டிக் கத்தினாள்:

"எங்கூடச் செத்த நேரம் பேசிக்கிட்டு இருங்க!"