வீரனார் நிற்கும் உயரம்

பொங்கல் பானையோடு சுரங்கத்தின் விளிம்புக்கு வந்த வைத்தியலிங்கத்துக்குக் குழியின் அடி தெரியவில்லை. அவர் குடும்பத்து வீரனார் கோயில் இருந்த மேட்டை நிலக்கரிக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். பங்காளிகள் சூலத்தைப் பிடுங்கிப் புதுக் குடியிருப்பில் நட்டிருந்தார்கள்.

"சாமிதான் காலனிக்கு வந்தாச்சே, பெரியப்பா. இங்க காத்துக்கா படைக்கப் போறீங்க?" என்றான் தம்பி மகன் தனஞ்செயன்.

"சூலத்தைத்தான்டா தூக்கிட்டுப் போனீங்க. நம்ம வீட்டுச் சாமி யாருக்கும் எடம் விட்டுக் குடுத்ததில்ல. நின்ன எடத்துலயேதான் நிக்கிறாரு."

முதுகு வளையாமல் நின்று, குழியின் நடுவே வெட்டவெளியைக் கைநீட்டிக் காட்டினார். அங்கே ஒரு பருந்து அசையாமல் மிதந்தது.

தனஞ்செயன் சிரித்தான். பக்கத்தில் அளவெடுத்துக்கொண்டிருந்த சுரங்கத் திட்டப் பொறியாளர் அமலா சிரிக்கவில்லை. வரைபடத்தை விரித்துப் பார்த்தாள். அளவைக் கருவியில் கண்ணை வைத்து அவர் விரல் காட்டிய திசையை வெகுநேரம் பார்த்தாள்.

"ஐயா, இன்னிக்குக் குழியை மூட ஆரம்பிக்கிறோம். கடைசியா மேல போடத் தனியா எடுத்து வெச்சிருக்கிற உங்க மேட்டு மண்ணு சரியா அந்த உயரத்துலதான் வந்து நிக்கும்" என்றாள். அவள் குரல் தணிந்திருந்தது.

எதிர்க்கரையில் மலைபோல் நின்ற இயந்திரம் மெல்லத் திரும்பி, முதல் மண்ணைக் குழிக்குள் கொட்டத் தொடங்கியது. தனஞ்செயன் குனிந்து செருப்பைக் கழற்றினான். வைத்தியலிங்கம் நீட்டிய கையை இறக்கவில்லை.