மத்தியமாவதி வேண்டாம்

“இன்னும் ஒரு ராகம் பாடுறியா துஷா? தொண்டை தாங்குமா?”

துஷாந்தி கற்கண்டுத் துண்டொன்றை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினாள். விடிந்தால் கொழும்புக்குப் போக வேண்டும், வேனும் பேசியாயிற்று. அவளிடம் பாட்டுப் படிக்கும் பிள்ளைகள் பின்னேரமே அம்மன் கோயிலில் அவள் பெயருக்கு அருச்சனை செய்து, திருநீறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவள் நீலாம்பரியைத் தொடங்க, அவள் கணவன் சொக்கநாதன் விசிறி மடிப்பாய் மடித்த நீளத் தாளை மேசையில் விரித்துப் பென்சிலை வைத்தான். குரல் ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும். பிறகு அந்தக் கோட்டின் மேல் வலை நூலால் தைத்து, அட்டை கட்டிப் புத்தகமாக்குவான்.

வலை நூலை இப்படியும் பாழாக்கலாம் என்று கண்டுபிடித்தவன் அவன்தான் என்று அவர்களுடைய மீன்பிடி ஊரான உடப்பில் கேலி செய்வார்கள். கொழும்பில் அதே புத்தகங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிறார்கள்.

அவனுக்குப் பாட வராது. ஆனால் அவள் பாடியதைக் கேட்டுத்தான் பெண் கேட்கப் போனான். தன் முகத்தை அவன் சரியாகப் பார்த்ததே தாலி கட்டிய பிறகுதான் என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் குரலென்றால் அவனுக்கு உயிர்.

மேல் சட்ஜத்தில் குரல் பிசிறி அறுந்தது. அவனும் கோட்டை அந்த இடத்தில் அறுத்துவிட்டு, அவள் மறுபடி பிடிக்கும் வரை காத்திருந்தான்.

“இஞ்சாருங்க, பிழைச்சுப் போச்சு. அழிச்சுப் போட்டுத் திரும்பக் கீறுங்க.”

“அழிக்க மாட்டன். அதுவும் உன்ட குரல்தானே.”

பக்கத்து வீட்டு யூஜீனியா சுடுதண்ணிப் போத்தலோடு வந்தாள். “விடிய அப்பம் சுட்டுத் தாறன். சாப்பிட்டுட்டுப் போங்க.”

“அவளுக்கு வேணாம் அக்கா. விடிய வாயில தண்ணியும் படக்கூடாது,” என்றான் சொக்கநாதன்.

யூஜீனியா துஷாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தலவிலக் கோயில் அன்னம்மாளுக்கு நேந்திருக்கிறன். எல்லாம் நல்லா நடக்கும்.” பிறகு மேசையைப் பார்த்தாள். “இதையும் கண்காட்சிக்குக் குடுப்பீங்களா?”

“இல்லக்கா. இது எனக்கு.”

யூஜீனியா போன பிறகு பார்த்தால், தாளில் ஒரேயொரு பக்கம்தான் வெறுமையாகக் கிடந்தது. “இதுக்கு மத்தியமாவதி பாடு. கச்சேரிய அதுலதானே முடிக்கிறது,” என்றான்.

“மத்தியமாவதி வேணாம்.”

“ஏன்?”

“எல்லாம் முடிஞ்சு போன மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்துக்கு நாளைக்குத் தாறன். தாளையும் பென்சிலையும் கொண்டு வாங்க.”

“அங்க எங்க நேரம் கிடைக்கும்? இப்பவே பாடிரு துஷா.”

கெஞ்சினான். அந்தப் பக்கம் வெறுமையாகவே நின்றுவிடுமோ என்று அவனுக்குப் பயம். அவள் துணி அடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் கொழும்பில், சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் இருவரும் காத்திருந்தார்கள். துஷாந்தி தோட்டையும் வளையல்களையும் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். தாலியையும் கழற்றிக் கொடுத்தபோது அவன் அழுதுவிட்டான்.

கதவைத் திறந்துகொண்டு தாதி வந்தாள். இருவரையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஏதாவது சொல்லோணும் எண்டா இப்பவே சொல்லுங்க மிஸ். குரல்வளைய எடுத்த பிறகு கதைக்க வராது.”

சொக்கநாதன் அவசரமாகக் கடைசிப் பக்கத்தை முழங்காலில் விரித்தான். பென்சிலை அதன் மேல் வைத்தான்.

“ஒரு வரி போதும் துஷா. என்ன ராகமெண்டாலும் பாடு.”

அவள் சுவரோரம் நின்ற தாதியைப் பார்த்தாள். கூச்சத்தோடு அவன் பக்கம் குனிந்தாள்.

“கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துல உங்கட பேர நான் வாயால சொன்னதில்ல. இப்ப சொல்றன், கீறுங்க.”